எடுக்காத பொட்டலம்

கொள்ளுப்பட்டி,
காரிமங்கலம் தபால்.
6-11-1938

அன்புள்ள மாதையன் சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மாரியப்பனின் மகள் சின்னபொண்ணு எழுதிக்கொண்டது. ‘இவ்விடம் யாவரும் சுகம்’ என்று ஆரம்பிக்க வேண்டுமாம், வாத்தியார் பாடம். அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். கறுப்பு வெள்ளாட்டுக்குக் கழிச்சல், அம்மாவுக்குப் பல்வலி, என் வாயால் அப்பாவுக்குத் தலைவலி. நான் மட்டும் சுகம்.

இத்தனை நாள் அப்பா சொல்ல வாத்தியார் எழுதுவார். நான் எட்டாவது படித்து முடித்ததால் வேலை எனக்கு வந்துவிட்டது. அப்பா சொன்னது மூன்றே வார்த்தை: “ஒடம்பப் பாத்துக்கச் சொல்லு.” சொல்லிவிட்டேன். மீதியெல்லாம் என் சொந்தச் சரக்கு.

உங்களுக்கு வரும் கடிதத்தை ஆஸ்பத்திரி ஆபீஸில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாமே? படிக்கிற ஐயாவுக்கும் நமஸ்காரம். ஐயா, எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள், சித்தப்பா பாவம்.

ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். சித்தம் கலங்கியதால் உங்களுக்குச் சித்தப்பா என்று பேரா, எனக்குச் சித்தப்பா ஆனதால் சித்தம் கலங்கிவிட்டதா? அம்மா இரண்டாவதுதான் என்கிறாள்.

சேதிக்கு வருகிறேன். உங்களுக்குக் குணமாகி ரொம்ப நாளாகிறது, சொந்தக்காரர் ஜாமீன் கொடுத்தால் வீட்டுக்கு அனுப்பலாம் என்று பெரிய டாக்டர் எழுதியிருக்கிறாராம். சேலம் கலெக்டர் ஆபீஸிலிருந்து நம்ம மணியக்காரருக்குத் தாக்கீது வந்திருக்கிறது. ஊராருக்கு ஆட்சேபணை உண்டா இல்லையா என்று கேட்டு எழுத வேண்டுமாம். அதற்குக் கூட்டம் போடப்போகிறார்கள்.

அடுத்ததை எழுதலாமா கூடாதா என்று பேனாக் கட்டையைக் கடித்துக்கொண்டிருந்தேன். எழுதாவிட்டால் மட்டும் எரிந்தது எரியாமல் போய்விடுமா? அந்தத் தை மாதப் பனியில், ‘மாடு குளிருது குளிருதுன்னு அழுவுது’ என்று சொல்லிக்கொண்டு பச்சியப்பன் பெரியப்பா வீட்டுக் கேழ்வரகுப் போருக்கு நீங்கள் தீ வைத்தீர்கள். கொட்டகையும் பிடித்து, எருது இரண்டும் போய்விட்டன. அவிழ்த்துவிடப் போன பெரியப்பாவுக்கு வலது கை வெந்துவிட்டது. புத்தி பேதலித்துச் செய்தது என்று கோர்ட்டு உங்களைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. பெரியப்பா மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்து, “மாதையன் இந்த ஊரு எல்லைய மிதிச்சா அன்னிக்கே நான் குடும்பத்தோட எல்லையத் தாண்டிடுவேன்” என்று சத்தியம் பண்ணினார். அதுதான் இப்போது நடுவில் நிற்கிறது. போர் எரிந்து போய்விட்டது, சத்தியம் எரியாமல் நிற்கிறது.

நீங்கள் வரவேண்டும். நான் சொல்கிறேன். ஊர் சொல்வதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பேரில் மட்டும் சின்னவளான
சின்னபொண்ணு


பட்டணத்து ஆஸ்பத்திரி.
21-11-1938

மகள் சின்னபொண்ணுக்கு,

உன் கடிதம் வந்தது. கடிதம் கொடுக்கிற ஐயா சிரித்துக்கொண்டே கொடுத்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. “யாரப்பா இந்தப் பொண்ணு?” என்றார். “எங்க அண்ணன் மவளுங்க” என்றேன். அப்படிச் சொல்லி ரொம்ப நாளாயிற்று. வாய்க்கு நன்றாக இருந்தது.

நான் போகும்போது நீ மூக்கொழுகிக்கொண்டு நின்றாய். இப்போது இத்தனை எழுதுகிறாய். சந்தோஷம்.

இங்கே கீரைப் பாத்தி என் பொறுப்பு. காலையில் தண்ணீர் விட்டு, களை எடுத்து, சமையல்கட்டுக்கு அறுத்துக் கொடுக்கிறேன். சாப்பாடு குறைவில்லை. யாரும் அடிப்பதில்லை.

அம்மா, நான் சொல்வதைக் கோபிக்காமல் கேள். நான் வரவேண்டாம். பச்சியப்பண்ணன் பாட்டன் காலத்திலிருந்து அந்த ஊரில் உழுகிறவர். நான் ஒருத்தன் உள்ளே வர அவர் வெளியே போவதா? சத்தியம் இருக்கட்டும். எனக்கே தை மாதம் வந்தால் பயம். பனி இறங்கினால் காதைப் பொத்திக்கொள்கிறேன். எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் பொத்திக்கொள்கிறேன். என்னைப் பார்த்து எனக்கே இப்படி என்றால், கூரை வீட்டில் இருக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்?

உன் அப்பாவிடம் ஜாமீனில் கைநாட்டு வைக்க வேண்டாம் என்று சொல்.

பச்சியப்பண்ணன் கை எப்படி இருக்கிறது? விரல் மடங்குகிறதா? கேட்டு எழுது. அவர் வீட்டு அண்ணி சென்னம்மாள் சுகமா?

மாதையன்


கொள்ளுப்பட்டி.
11-12-1938

சித்தப்பாவுக்கு,

கோபிக்காமல் கேள் என்றால் நான் கேட்டுவிடுவேனா? கோபித்துக்கொண்டுதான் கேட்டேன். ‘வரவேண்டாம்’ என்று நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு நான் படிக்கவில்லை. கீரைப் பாத்தியை மட்டும் படித்தேன். அப்பா அதற்கே மூக்கைச் சிந்தினார்.

விரல் மடங்கவில்லை. கேட்டீர்கள், எழுதிவிட்டேன். ஏர் பிடிக்கிறார், கயிறு முடி போட முடியாது. சென்னம்மாள் பெரியம்மாதான் போட்டுக்கொடுக்கிறார். உங்கள் கடிதம் வந்த அன்று அவர் வேலியோரம் நின்று, “என்னாடி எழுதியிருக்கான், அந்தப் பாவிப்பய?” என்று கேட்டார். கையைப் பற்றிக் கேட்டிருப்பதைச் சொன்னேன். வேலியில் காய்ந்த துணியை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது கூட்டம். மணியக்காரர், பேரில் மணி இருக்கிறதே தவிர மணி பார்த்து வந்ததில்லை. வெயில் ஏறித்தான் வந்தார். தாக்கீதைப் படித்தார்.

“ஆட்சேபணைன்னா என்னாங்க?” என்றார் காளியன்.

“வேண்டாம்னு சொல்றது.”

“வேண்டாம்னு சொல்றீங்களான்னு கேக்கறதுக்கு சேலத்துலருந்து காயிதமா?”

வாத்தியார் எழுந்தார். “அது வியாதிங்க. மலைக்காய்ச்சல் வந்தவன் பிதற்றலையா? காய்ச்சல் உட்டதும் வூட்டுல சேத்துக்கறோமில்ல?”

“மலைக்காய்ச்சல்காரன் தன் கம்பளிக்குள்ள நடுங்குவான் வாத்தியாரே. அடுத்தவன் போருக்கா நெருப்பு வெப்பான்?” இது குள்ளன்.

எங்கள் அம்மா பல்வலியை மறந்துவிட்டாள். “கோர்ட்டுலயே குத்தமில்லைன்னுட்டாங்க. இன்னும் எத்தினி நாளைக்கு அடச்சு வெக்கறது?”

“குத்தமில்லைன்னா செத்த எருது ரெண்டும் யார் குத்தம் ராமக்கா? எருது குத்தமா?” என்றார் குள்ளன், அம்மாவைப் பார்த்து.

“மாதையன உட்டா நாளைக்கு வெட்டுனவன் குத்துனவன் எல்லாம் ‘எனக்கு அன்னிக்குப் புத்தி சரியில்லீங்க’ன்னு வரிசையா வந்து நிப்பான்” என்றார் காளியன். காளியன் வாய் எப்போது காலியாக இருந்திருக்கிறது?

நான் பெண்கள் பக்கத்திலிருந்து, “அப்ப புத்தி சரியா இருந்தும் வெட்டறவங்கள ஊர்லயே வெச்சுக்கலாமுங்களா?” என்றேன். சிரிப்பு எழுந்தது. அம்மா தொடையில் கிள்ளினாள்.

சிரிப்பை முனியம்மாள் அத்தை நிறுத்தினார். புருஷன் போனபிறகு அவர் தனியாகத்தானே இருக்கிறார், நம் வீட்டுக்கு அடுத்த கூரை. மெதுவாகத்தான் சொன்னார். “தொறந்து உடறவங்க பட்டணத்துல ஓட்டு வூட்டுல படுத்துக்குவாங்க. சீமைப்புல்லுக் கூரைக்குக் கீழ படுக்கறவ நான். மாதையன் நல்லவன், இல்லைங்கல. திரும்ப வந்துச்சுன்னா? யாரு பதில் சொல்றது?”

சித்தப்பா, அதற்குப் பதில் நீங்கள்தான் எழுதவேண்டும்.

அப்பா எழுந்து, “எந்தம்பிங்க. நான் அவன் பக்கத்துலயே படுத்துக்கறேனுங்க” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் எல்லாரும் பச்சியப்பன் பெரியப்பாவைப் பார்த்தார்கள். மடங்காத கையைத் தூக்கிக் காட்டினார். “வரட்டும். தாராளமா வரட்டும். நான் வண்டியக் கட்டறேன்” என்று சத்தம் போட்டார். “இதே ஆத்தா முன்னால சூடம் அணச்சேன். எச்சிலா அது, முழுங்கறதுக்கு?”

உங்களை வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும் அவர் வண்டி கட்டுவதில் இஷ்டமில்லை. அப்போது பூசாரி மாயவன், “ஆத்தா முன்னால போட்ட முடிச்சு. மனுசன் அவுக்கக்கூடாது. அவகிட்டயே பூ கேட்டுடுவோம்” என்றார்.

அப்படியே முடிவு. தை முதல் வெள்ளியன்று பூக் கேட்பது. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். ஊர்க் குழந்தை ஒன்று எடுத்துக் கொடுப்பது வெள்ளையானால் நீங்கள் வரலாம், சத்தியமும் அவிழ்ந்தது. சிவப்பானால் மணியக்காரர் ஆட்சேபணை என்று எழுதிவிடுவார். அப்புறம் யாரும் பேசக்கூடாது. நஷ்டப்பட்டவர் தோட்டத்துப் பூ, நஷ்டப்பட்டவர் வீட்டில்தான் பொட்டலம் கட்டவேண்டும், அப்போதுதான் யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்பது நம்ம ஊர் வழக்கமாமே. “ஆத்தா சொன்னா நான் யாரு?” என்று பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

வரமாட்டேன் என்று இனிமேல் எழுதினால் அந்த ஐயாவுக்கே தனியாக மனு எழுதுவேன்.

சின்னபொண்ணு


பட்டணத்து ஆஸ்பத்திரி.
28-12-1938

மகள் சின்னபொண்ணுக்கு,

கூட்டத்தில் எனக்காகப் பேசினவர்களுக்கு நான் கும்பிட்டதாகச் சொல். பேசாதவர்களுக்கும் சொல். ஐந்து வருஷத்துக்கு முந்தி என் பேரைச் சொல்லவே கூசினார்கள். இப்போது உட்கார்ந்து வாதம் பண்ணுகிறார்கள். ஒருத்தனைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுவதற்கும் ஒரு மனசு வேண்டும்.

உன் அப்பா சொன்னதைப் படித்தேன். அதற்கு மேல் அன்று கீரை அறுக்கவில்லை.

முனியம்மாள் கேட்டது சரியான கேள்வி. டாக்டரைப் போய்க் கேட்டேன். திரும்ப வருமா என்று. அவர் பொய் சொல்லாத மனுஷர். “வரலாம், வராமலும் போகலாம். வந்தால் திடீரென்று வராது, முதலில் உனக்குத் தூக்கம் போகும்” என்றார். போன தடவையும் அப்படித்தான். பல ராத்திரி தூங்காமல் இருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கம். ஆகையால் இதை ஊரில் படித்துக் காட்டு: நான் அங்கே வர நேர்ந்தால், ஒரு ராத்திரி கண் மூடாவிட்டாலும் விடிந்ததும் அண்ணனிடம் சொல்லிவிடுவேன். என்னைக் கட்டி வண்டியில் ஏற்றினாலும் குறை சொல்லமாட்டேன். முனியம்மாளுக்கு இதுதான் என் பதில்.

வரமாட்டேன் என்று இனி எழுதவில்லை. வர ஆசையாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

சிவப்பு வந்தால் அழக்கூடாது. இன்னொன்று. மூக்கொழுகும் காலத்திலேயே மணியக்காரர் மூக்குப்பொடி டப்பியில் மிளகுத்தூள் போட்டவள் நீ. பூவில் கை வைக்காதே.

மாதையன்


மாரண்டஹள்ளி,
அத்தை வீடு.
5-3-1939

என் சித்தப்பாவுக்கு,

உத்தரவு வந்துவிட்டது! அப்பா இங்கே வந்து என்னைப் பார்த்துவிட்டு, நாளைக்கு ரெயிலேறுகிறார் உங்களை அழைக்க. இந்தக் கடிதத்தை அவர் மடியில் முடிந்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் ஆபீஸ் ஐயா படித்துவிடுவார். அப்பாவுக்கு எழுத்து வாசனை கிடையாது, அதனால் அவர்தான் உத்தமமான தபால்காரர். ரெயிலில் தனியாகப் படியுங்கள். யாருக்கும் சொல்லக்கூடாது.

பூவில் கை வைக்காதே என்றீர்களே. வைத்தேன்.

தை வெள்ளியன்று பச்சியப்பன் பெரியப்பா வீட்டிலிருந்து பூப்பொட்டலம் இரண்டும் வந்து ஆத்தா காலடியில் இருந்தன. பூவரச இலையில் கட்டி, வாழை நாரால் முடிந்தவை. பூசாரி குளிக்கப் போய்விட்டார். ஊர் வெளியே பம்பை அடித்துக்கொண்டிருந்தது. என் முந்தானையில் ஒரு பிடி வெள்ளை அரளி. என் திட்டம் பெரிய வித்தை ஒன்றுமில்லை: சிவப்புப் பொட்டலத்தைப் பிரித்து, வெள்ளையைப் போட்டுக் கட்டிவிடுவது. இரண்டும் வெள்ளையானால் குழந்தை எதை எடுத்தால் என்ன? எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது, கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும் என்பதும் வழக்கமாயிற்றே.

ஒன்றைப் பிரித்தேன். வெள்ளை. சரி, அடுத்ததுதான் என்று அதைக் கட்டிவிட்டு இன்னொன்றைப் பிரித்தேன்.

அதுவும் வெள்ளை.

நான் கை வைக்கும் முன்பே, சித்தப்பா! வாய் பிளந்து நிற்கும்போது என் காது மேலே போயிற்று. திருகிப் பிடித்திருந்தவர் சென்னம்மாள் பெரியம்மா.

“ஏண்டி, என்னா பண்ற?”

“பெரியம்மா, ரெண்டும் வெள்ளைங்க.”

“கண்ணு தெரியுதில்ல. கட்டு.”

கட்டினேன். நார் வழுக்கியது. அவரே வாங்கி முடி போட்டார்.

“நீங்களாங்க பெரியம்மா?” என்று கேட்டேன். கேட்டபோதே எனக்கு அழுகை வந்துவிட்டது. “எங்க சித்தப்பாவுக்காகவா?”

“நான் கட்டுனதுதான். பறிச்சது நானில்ல” என்றார். “வெள்ளை கொஞ்சம், சிவப்பு கொஞ்சம் பறிச்சிட்டு வாங்கன்னு கூடையக் குடுத்தனுப்புனேன். வாசல் செடியில சிவப்புப் பூத்துக் கொட்டிக் கெடக்குது. கொல்லைக்குப் போயி அந்த மடங்காத கையாலயே பறிச்சிட்டு வந்து வெச்சாரு. பூராவும் வெள்ளை. நான் அவரு மூஞ்சியப் பாத்தேன். அவரு ‘மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன்’னு போயிட்டாரு.”

சித்தப்பா, கூட்டத்தில் அத்தனை சத்தம் போட்டவர்!

“கேக்கலையா நீங்க?”

“என்னாத்தக் கேக்கறது? ஊரு முன்னால சூடம் அணச்ச ஆம்பள. வாயத் தொறந்து வரட்டும்னு சொல்ல முடியுமா அவரால? நீயும் வாயத் தொறந்தே, தீந்துது.” அப்போதுதான் காதை விட்டார்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஊருக்குத் தெரிந்தது. நான் முதலில் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், தூக்கம் போனால் சொல்லிவிடுவேன் என்பதை. படிக்கும்போது பம்பைக்காரர்கூடத் தட்டவில்லை. குள்ளன் மகள் பொட்டலம் எடுத்தாள். வெள்ளை என்றதும் குலவை. பச்சியப்பன் பெரியப்பா ஆத்தா முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்திருக்கவே இல்லை ரொம்ப நேரம். எழுந்தபோது முகமெல்லாம் மண், துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். அடுத்த பொட்டலத்தைப் பெரியம்மா கொண்டுபோய்க் கிணற்றில் போட்டார். நான்தான் பக்கத்தில் நின்றேன். தலையில் ஒரு குட்டு குட்டினார். அதுதான் எனக்குப் பிரசாதம்.

முனியம்மாள் அத்தை லேசில் விடவில்லை. “ஆத்தா சொல்லிட்டா, சரி. தூக்கத்தப் பத்தி அவனா சொன்னான், அதுவும் சரி. ஆனா தீப்பெட்டி மாரியப்பன் வூட்டுல இருக்கக்கூடாது. அடுப்புக்குத் தணல் எங்கிட்ட வந்து வாங்கிக்கணும்” என்றார். அம்மா அந்த இடத்திலேயே தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

நான் ஏன் மாரண்டஹள்ளியில் இருக்கிறேன் என்றால், பெரியம்மாதான் அம்மாவிடம், “இவள ஒரு ரெண்டு மாசம் அத்தை வூட்டுக்கு அனுப்பு ராமக்கா, இங்க இருந்தா ஓட்டைப் பானையாட்டம் ஒழுகுவா” என்றாராம். எது ஒழுகும் என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இங்கே நான் கத்தரிக்காயைக் காம்பு ஒடியாமல் பறிக்கிறேன். யாரிடமும் சொல்லாமல் இருப்பதில் வயிறு உப்பிவிட்டது. உங்களிடம் சொன்னதும் இளைத்துவிட்டேன்.

ஆத்தா கோபித்துக்கொள்வாளா சித்தப்பா? மூன்று பேர் சேர்ந்து, ஒருவருக்கொருவர் சொல்லாமல், அவளை ஏமாற்றியிருக்கிறோம். எனக்கென்னவோ அவள் சிரித்திருப்பாள் என்றுதான் படுகிறது.

பத்திரமாக வாருங்கள். அப்பா ரெயிலில் தூங்கி, இறங்க வேண்டிய மொரப்பூரைத் தாண்டிவிடுவார், எழுப்பிவிடுங்கள்.

சின்னபொண்ணு


கொள்ளுப்பட்டி.
29-3-1939

என் மகள் சின்னபொண்ணுக்கு,

மேலே ஊர் பேரைப் பார்த்தாயா? அதை எழுதிவிட்டு ரொம்ப நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்தை ரெயிலில் படித்தேன். படித்ததும் கிழித்துக் காற்றில் விட்டுவிட்டேன். உன் அப்பா, “என்னாடா எழுதியிருந்தா?” என்றார். “கத்தரிக்காய் பறிக்கிறாளாம்” என்றேன். மொரப்பூரில் அவர்தான் என்னை எழுப்பினார். அவ்வளவு நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

உன் அம்மா என்னைக் கண்டதும் திட்டினாள். அழுவதற்குப் பதில் திட்டுகிறாள் என்று தெரியும், வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் என்னைப் பார்த்தால் ஓடுகிறார்கள். காளியன் என் எதிரில் வந்தால் வேலியோரம் ஒதுங்கி, ‘நல்லாருக்கியா’ என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லும் முன்பே போய்விடுகிறான். கேட்டானே, அது போதும். முனியம்மாளிடம் காலையில் தணல் வாங்கப் போவது உன் அம்மா. நேற்று அம்மாவுக்குப் பல்வலி. நானே சட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தூரத்தில் நின்றேன். முனியம்மாள் என்னைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள். “ராத்திரி தூங்குனியா?” என்றாள். “தூங்கினேங்க” என்றேன். தணலை வாரிப் போட்டாள். நீ திரும்பி வந்ததும் அவளுக்கு ஏதாவது செய். அவள் கேட்ட கேள்விதான் எனக்குக் கைத்தடி.

பச்சியப்பண்ணன் வரவில்லை. நானும் போகவில்லை. போய் என்ன சொல்வது? பூவைப் பற்றிப் பேசவும் கூடாது, எருதைப் பற்றிப் பேசவும் வாயில்லை. அண்ணி சென்னம்மாள் மட்டும் ஒரு நாள் வேலிக்கு மேலே ஒரு கொட்டாங்கச்சியில் மொச்சைக் குழம்பு நீட்டினார். “கீரை நல்லாப் போடுவியாமே?” என்றார். அவ்வளவுதான்.

இந்த வாரம் உன் அப்பாவோடு காரிமங்கலம் சந்தைக்குப் போனேன். இத்தனை ஜனத்தைப் பார்த்துத் தலை சுற்றியது. மாட்டுச் சந்தைப் பக்கம் போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். கால் அங்கே கொண்டுபோய்விட்டது. பச்சியப்பண்ணன் ஒரு மயிலை எருதின் முன்னால் நின்று தரகனோடு வாதாடிக்கொண்டிருந்தார். நாலு பல்தான், இளசு என்கிறான் தரகன். அண்ணன் நம்பவில்லை. எருதின் வாயைப் பிளந்து பார்க்க வேண்டும், அதற்கு இரண்டு கையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அவர் வலது கை எருதின் தாடையில் வழுக்கி வழுக்கி விழுந்தது. தரகன் சிரித்தான்.

நான் அங்கேயே நின்றேன், சின்னபொண்ணு. ஓடிவிடலாம் என்று இருந்தது.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. எருதைப் பார்த்தபடியே, “மாதையா, இங்க வந்து இதும் பல்லப் பாரு” என்றார்.

போனேன். மூக்கணாங்கயிற்றைப் பிடித்து வாயைப் பிளந்தேன். அது என் கையை நக்கியது. “ஆறு பல்லுங்கண்ணா” என்றேன். “கேட்டியா?” என்றார் தரகனைப் பார்த்து. அதற்குப் பிறகு விலை படிந்துவிட்டது.

கயிற்றை என் கையில் கொடுத்தார். “ஓட்டிட்டு வா.”

சந்தையிலிருந்து நம்ம ஊர் வரை, எருதோடு நான் பின்னால். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

சீக்கிரம் வா.

உன் சித்தப்பா,
மாதையன்